டிஃப் லாக் விளக்கு சிமிட்டுகிறது: கோளாறு சென்சாரிலா, லாக்கிலா?

கேள்வி: என்னுடையது பின் ஆக்சிலில் எலக்ட்ரிக் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் ஏற்பாடு) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி. சில வாரங்களுக்கு முன் ஆழமான ஓடை ஒன்றைக் கடந்தேன். அதற்குப் பிறகு டிஃப் லாக் சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டில் அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, நிலையாக எரிவதில்லை. மேடு பள்ளமான சாலையில் போகும்போது, சுவிட்சைத் தொடாமலே ஓரிரு நொடி எரிந்து அணைகிறது. கூடவே ஏபிஎஸ் விளக்கும் வருகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாக்கைத் தள்ளும் மோட்டாரான ஆக்சுவேட்டரை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொருவர் லாக் விழுந்ததைச் சொல்லும் சென்சார்தான் போய்விட்டது என்றார். நண்பர் ஒருவர், சென்சார் கனெக்டரில் வரும் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் விளக்குத் தொல்லை தீர்ந்துவிடும் என்கிறார். நான் எதைச் செய்வது? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொன்னபடி வயரை முறுக்கிவிட வேண்டாம். ஆக்சுவேட்டரை மாற்றவும் இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். சென்சாரைக்கூட இன்னும் வாங்க வேண்டாம். உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூன்று பேரும் விளக்கைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆக்சிலுக்குள் லாக் உண்மையில் விழுகிறதா இல்லையா என்பதை யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த ஒரு விஷயம் தெரியாமல் வாங்கும் எந்தப் பொருளும் ஊகத்தில் வாங்கும் பொருள்தான்.

ஓட்டலாமா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். சரளையோ தளர்ந்த மண்ணோ உள்ள, ஆளில்லாத சமதளத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். டூ வீல் டிரைவில், டிஃப் லாக் சுவிட்ச் அணைந்த நிலையில், நடக்கும் வேகத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் போடுங்கள். பிறகு மறுபக்கம். பின் சக்கரங்கள் அமைதியாக உருண்டால் லாக் திறந்திருக்கிறது என்று பொருள். டயர் மண்ணைச் சுரண்டிக்கொண்டு இழுத்தாலோ, பின்பக்கம் விட்டு விட்டுத் துள்ளினாலோ, வழக்கத்தைவிட வட்டம் பெரிதாக விரிந்தாலோ லாக் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தார்ச்சாலையில் ஓட்டாமல், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் வாகனத்தில்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். திருப்பத்தில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிகம் சுற்றியாக வேண்டும். லாக் விழுந்த ஆக்சில் அதற்கு இடம் தராது. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், பிடிப்புள்ள சாலையில் அந்தச் சுமை முழுவதும் ஆக்சில் ஷாஃப்டிலும் பற்களிலும் ஏறும். ஈரச் சாலையில் வேகமாகத் திரும்பும்போது வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டலாம். ஆனால் ஏபிஎஸ் விளக்கு எரியும் நேரத்தில் ஏபிஎஸ் உங்களுக்கு உதவாது என்று வைத்துக்கொண்டு, முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். கோளாறு தீரும்வரை, கீழே சொல்லும் சோதனைகளுக்குத் தவிர, டிஃப் லாக் சுவிட்சைத் தொட வேண்டாம், அதை நம்பித் தனியாகக் காட்டுப் பாதைக்கும் போக வேண்டாம்.

இனி விளக்கைப் பற்றி. பெரும்பாலான வண்டிகளில் சிமிட்டல் என்றால் ‘லாக் போடச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது, விழுந்ததாகச் செய்தி இன்னும் வரவில்லை’ என்று பொருள். நிலையாக எரிந்தால் ‘விழுந்துவிட்டது’. மெர்சிடிஸ் ஜி வகை வண்டிகளில் இதையே மஞ்சள், சிவப்பு என்று இரண்டு விளக்குகளாகப் பிரித்து வைத்தார்கள். மஞ்சள் கேட்டதைக் காட்டும், சிவப்பு நடந்ததைக் காட்டும். பின்னாளில் வாங்கிப் பொருத்தும், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் லாக்கர்களில் பலவற்றுக்குச் சென்சாரே கிடையாது; சுவிட்சில் எரியும் விளக்கு, சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த விளக்கின் பொருள் என்னவென்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

சிமிட்டல் எப்போதும் கோளாறும் அல்ல. லாக் என்பது ஒரு வளையத்தின் பற்கள் இன்னொன்றின் பள்ளங்களுக்குள் போய்க் கோத்துக்கொள்வது. கதவு சரியாகச் சேராமல் தாழ்ப்பாள் விழாது அல்லவா, அதுபோலத்தான். பல்லுக்கு நேராகப் பள்ளம் வரும்வரை ஆக்சுவேட்டர் தள்ளிக்கொண்டு நிற்கும், விளக்கும் சிமிட்டிக்கொண்டிருக்கும். சில அடி மெதுவாக நகர்ந்து, ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தால் விழுந்துவிடும். எடுக்கும்போதும் இதே கதைதான். பற்களுக்கு இடையே இறுக்கம் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் லாக் விடாது, கொஞ்சம் பின்னால் எடுத்தால் விட்டுவிடும். நீங்கள் நின்ற இடத்திலேயே சுவிட்சைப் போட்டுவிட்டுச் சிமிட்டுகிறது என்று சொல்கிறீர்களா, நகர்த்திப் பார்த்த பிறகும் சிமிட்டுகிறதா என்பது கடிதத்தில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் சில நிபந்தனைகள் வைத்திருக்கும். பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு இயங்கும் நிலையில் இருந்தால்தான் பின் லாக்குக்கு அனுமதி. வேகமும் குறைவாக இருக்க வேண்டும். அந்த எல்லை சில வண்டிகளில் மணிக்கு 8 கி.மீ., சிலவற்றில் 16 கி.மீ. வண்டி ஃபோர் லோவில் இருப்பதைச் சொல்லும் சுவிட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் கம்ப்யூட்டர் லாக்குக்கு அனுமதியே தராது, பழி மட்டும் டிஃப் லாக் சென்சார்மேல் விழும். உங்கள் வண்டியில் ஃபோர் லோ விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பாருங்கள். அது சிமிட்டினால் நாம் தேட வேண்டிய இடமே வேறு.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறேன். வாசலிலேயே செய்யக்கூடியது, ஆனால் பொறுமையும் துணைக்கு ஒருவரும் வேண்டும். கெட்டியான சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் செய்யக் கூடாது. இரண்டு பின் சக்கரங்களும் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபோர் லோவில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில், மேனுவல் என்றால் முதல் கியரில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், சாவி ஆன் நிலையில் இருந்தால் போதும். ஃபோர் லோவில் முன் ஆக்சிலும் சேர்ந்து இயங்கும் என்பதால், பின் சக்கரம் மட்டும் தூக்கிய வண்டி கியரில் ஸ்டார்ட் ஆனால் ஸ்டாண்டைவிட்டு முன்னால் பாய்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒரு பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் திறந்திருப்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு துணைக்கு இருப்பவரைச் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். லாக் விழும்போது ‘டக்’ என்று கைக்கே தெரியும். விழுந்துவிட்டால் சக்கரம் ஒரு விரற்கடை ஆட்டத்துக்குமேல் எந்தப் பக்கமும் சுற்றாது. அந்தக் கணத்தில் டேஷ்போர்டில் விளக்கு என்ன சொல்கிறது என்று துணைவரைக் கேளுங்கள்.

சில வண்டிகள் எஞ்சின் ஓடினால்தான் லாக் போட அனுமதிக்கும். உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் ஸ்டாண்டு சோதனையை விட்டுவிடுங்கள். தளர்ந்த மண்ணில், ஃபோர் லோவில், லாக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்து ஸ்டியரிங்கை ஒடித்துப் பாருங்கள். அப்புறம் லாக் போடாமல் அதே ஃபோர் லோவில் அதே வட்டத்தைப் போட்டு ஒப்பிடுங்கள். துணைவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பின் டயர்களின் தடத்தைப் பார்க்கட்டும். லாக் விழுந்தால் மண்ணில் சுரண்டல் தடம் தெளிவாக விழும்.

லாக் உண்மையில் விழுந்திருந்து, விளக்கு இன்னும் சிமிட்டினால் உங்கள் லாக்கும் ஆக்சுவேட்டரும் நலம். தவறு சென்சாரிலோ அதன் வயரிலோதான், ஆக்சுவேட்டர் மாற்றச் சொன்னவரிடம் போக வேண்டிய தேவை அத்தோடு முடிந்தது. லாக் விழவே இல்லை, விளக்கும் சிமிட்டுகிறது என்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதை மாற்றினால் புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும். லாக் விழாமலே விளக்கு நிலையாக எரிந்தால் சென்சார் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது வயர் எங்கோ எர்த்தில் தொடுகிறது. லாக் உள்ளே சிக்கியிருக்க விளக்கு அணைந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதற்குத்தான் மண்ணில் வட்டம் போடச் சொன்னேன்.

சரி, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரி எனக்கு மிகவும் உதவுகிறது. மேடு பள்ளத்தில் விளக்கு தானாக எரிந்து அணைகிறது என்கிறீர்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது அதனுடன் சேர்ந்து ஆடுவது சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் வயர்க் கட்டு. முழுதாகச் செத்துப்போன சென்சார் எல்லா நேரமும் ஒரே பொய்யைச் சொல்லும், குழியில் இறங்கும்போது மட்டும் மாற்றிச் சொல்லாது. உள்ளே ஏதாவது தளர்ந்து ஆடினால் சென்சாரும் அப்படிச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனாலும் நான் முதலில் கை வைப்பது வயரிலும் கனெக்டரிலும்தான். ஏபிஎஸ் விளக்கு கூடவே வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பின் ஆக்சில் பூட்டியிருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கவனித்துப் பிரேக் விட ஏபிஎஸ்ஸால் முடியாது. அதனால் ‘லாக் விழுந்துவிட்டது’ என்று செய்தி வந்ததும் பல வண்டிகள் ஏபிஎஸ்ஸையும், வண்டி சறுக்காமல் காக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்துவிடும். பொய்ச் செய்தி வந்தாலும் அப்படியேதான் நிறுத்தும். பின் சக்கர வேகச் சென்சாரின் வயரும் பெரும்பாலும் அதே வழியில்தான் ஓடுகிறது. அது தனியாக அடிபட்டிருக்கவும் வாய்ப்புண்டு, பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

ஓடையைக் கடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்க நிறையவே வாய்ப்பிருக்கிறது. ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடு. குளிர்ந்த தண்ணீரில் அது திடீரென்று மூழ்கும்போது உள்காற்று சுருங்கி, கிடைக்கும் இடைவெளி வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலின் மேலே காற்று போய்வருவதற்காக இருக்கும் பிரீதர் அடைத்திருந்தாலோ, அதன் குழாய் கழன்று தாழ்வாகத் தொங்கினாலோ இது நடக்க வாய்ப்பு அதிகம். சூடான சென்சாரும் கனெக்டரும் அப்படித்தான் உறிஞ்சுகின்றன. உள்ளே போன சேற்றுத் தண்ணீர் அன்றைக்கே எதையும் கெடுக்காது. செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கச் சில நாளாகும். அதனால்தான் பலருக்கு ஓடைக்கும் கோளாறுக்கும் உள்ள உறவு தெரியாமலே போகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அது நல்லது.

வண்டியின் அடியில் போகும்முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். சென்சார் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சேற்றைக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். அதிக அழுத்தத் தண்ணீரைக் கனெக்டர்மேல் நேராக அடிக்காதீர்கள், இருக்கும் தொல்லை இரண்டாகும். கனெக்டரைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, ஒரு பின் மட்டும் உள்ளே பின்வாங்கியிருக்கிறதா, ரப்பர் சீல் மடிந்திருக்கிறதா, கனெக்டருக்குள் கியர் ஆயில் இருக்கிறதா? கியர் ஆயில் இருந்தால் சென்சாரின் உடம்பிலேயே விரிசல், அது வயரின் உள்ளிழைகள் வழியாக மேலே ஏறி வந்திருக்கிறது. அந்தச் சென்சார் மாற்ற வேண்டியதுதான், மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை.

களிம்பு மட்டும் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு கனெக்டருக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸை சீல் ஓரமாக மெல்லத் தடவிப் பூட்டுங்கள். உப்புத்தாள் போட்டுப் பின்னைத் தேய்க்க வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும்.

அடுத்து வயர். கிளிப் விட்டுப்போய் ஷாஃப்ட்மேல் உரசுகிறதா, சைலன்சருக்குப் பக்கத்தில் உருகியிருக்கிறதா, கல்லோ கிளையோ இழுத்து விறைப்பாக நிற்கிறதா என்று முழு நீளமும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். அடிக்கடி மடங்கும் இடத்தில் மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். அந்த இடத்தை இரு விரலால் லேசாக இழுத்தால் ரப்பர்போல நீளும். செம்பு இருக்கும் வயர் நீளாது. பேட்டரி எர்த்தை மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து, துணைவர் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வயரைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். விளக்கு துடிக்கும் இடம்தான் நோய் இருக்கும் இடம். அறுந்த இடத்தை வெட்டி, ஒரு துண்டு நல்ல வயர் சேர்த்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ட்யூப் போட்டு மூடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் அடுத்த தண்ணீரைத் தாங்காது. முடிந்தால் ஒட்டு விழும் இடம் மடங்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும்.

உங்களைப் போலக் கேள்வி கேட்பவர்களில் பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். முடியாதவர்களுக்கு மல்டிமீட்டர்.

சென்சாரில் எத்தனை வயர் என்று முதலில் எண்ணுங்கள். இரண்டு வயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது சாதாரணச் சுவிட்ச். முனையில் ஒரு சிறு தண்டு, லாக்கை நகர்த்தும் கவை வடிவப் பாகம் அதை அழுத்தும்போது உள்ளே தொடர்பு சேரும் அல்லது பிரியும். கனெக்டரைப் பிரித்துச் சென்சார் பக்கத்து இரண்டு பின்களுக்கு இடையே மீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். லாக் திறந்திருக்கும்போது ஒரு அளவும், விழுந்தபின் வேறு அளவும் வர வேண்டும். ஒன்றில் கிட்டத்தட்ட பூஜ்யம், மற்றொன்றில் தொடர்பே இல்லை. எது எப்போது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மாறுகிறதா என்பதே கேள்வி. கனெக்டர் பிரிந்திருந்தால் கம்ப்யூட்டர் லாக்குக்கே உத்தரவு தராத வண்டிகளும் உண்டு, அப்போது சென்சாரைக் கழற்றிக் கையில் வைத்துத் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஓம் காட்டி ஆடிக்கொண்டிருந்தால் உள் தொடர்பு கருகியிருக்கிறது.

மூன்று வயர் இருந்தால் அது அநேகமாகக் காந்தப் புலத்தை உணரும் ஹால் வகைச் சென்சார், உள்ளே சிறு எலக்ட்ரானிக் சிப் இருக்கிறது. இதை ஓம் வைத்து அளக்கக் கூடாது. அளவும் பொருள் தராது, சிப்புக்கும் நல்லதல்ல. சாவி ஆன் நிலையில் வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் ஒரு வயரில் 5 வோல்ட்டோ பேட்டரி வோல்ட்டோ வர வேண்டும், இன்னொன்று எர்த். சென்சாரை மாட்டிய நிலையில் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் எர்த் சரியில்லை, சென்சாரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வயரில் வரும் வோல்ட், லாக் விழும்போதும் எழும்போதும் தெளிவாக ஏறி இறங்க வேண்டும். வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்து, லாக் விழுந்ததும் உறுதியாகி, மூன்றாவது வயர் அறுபடாமலும் எர்த்தில் தொடாமலும் இருந்து, அதன் வோல்ட் மட்டும் அசையாமல் நின்றால்தான் சென்சார் கெட்டது என்று சொல்லலாம். இரண்டே வயரில் வேலை செய்யும் சிப் சென்சார்களும் உண்டு என்பதால், வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

நண்பரின் யோசனைக்கு இப்போது வருகிறேன். சாதாரண இரண்டு வயர்ச் சுவிட்ச் என்று உறுதியான பிறகு, வண்டி நின்றிருக்கும்போது, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒரு நொடி இணைத்துப் பார்ப்பது சோதனையாகச் சரிதான். விளக்கின் நிலை மாறினால் அங்கிருந்து கம்ப்யூட்டர் வரை வயர் நலம் என்று தெரிந்துவிடும். அதையே நிரந்தரமாக முறுக்கி விடுவது வேறு. உங்கள் வண்டியின் அமைப்பைப் பொறுத்து, ‘எப்போதும் பூட்டியிருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் நம்பி ஏபிஎஸ்ஸை நிறுத்திவிடும், அல்லது ‘எப்போதும் திறந்திருக்கிறது’ என்று நம்பி, லாக் சிக்கிக்கொண்ட நாளில் உங்களை எச்சரிக்காமல் விட்டுவிடும். மழையில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம். மூன்று வயர் உள்ளதில் ஊகத்தில் இணைத்தால் 5 வோல்ட் நேராக எர்த்தில் பாய்ந்து கம்ப்யூட்டரையே காலி செய்யக்கூடும். நண்பர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் நேரம் மிச்சம். ஓபிடி என்று விற்கும் மலிவான ஸ்கேனர்கள் பல, எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும். ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று அது சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் கம்ப்யூட்டரையும் ஏபிஎஸ் கம்ப்யூட்டரையும் தனியாகத் திறக்கக்கூடிய கருவி வேண்டும். அதில் பதிவான கோளாறுக் குறியீட்டு (கோடு) எண்ணைவிட, டிஃப் லாக் சென்சாரின் நேரடி நிலையைக் காட்டும் வரி பயனுள்ளது. வயரை அசைக்கும்போது அது ஆன் ஆஃப் என்று துள்ளினால் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள்கூடத் தேவையில்லை.

சென்சார்தான் என்று உறுதியானால் மாற்றுவது பெரிய வேலை இல்லை, சில நுணுக்கங்கள் மட்டும் உண்டு. கழற்றும்முன் சுற்றிலும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், ஒரு பொட்டு மணல்கூட டிஃபரன்ஷியலுக்குள் விழக் கூடாது. அடியில் தட்டு வையுங்கள், ஆயில் வடியலாம். தண்டு உள்ள சென்சார்களில் அடியில் இருக்கும் வாஷரை மிகக் கவனமாக எடுத்து வையுங்கள். அது கசிவைத் தடுப்பதோடு, தண்டு எவ்வளவு உள்ளே நீள வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. பழைய வாஷர் உள்ளே ஒட்டியிருப்பது தெரியாமல் புதியதையும் சேர்த்துப் போட்டால் தண்டு எட்டாது. போடாமல் விட்டால் எப்போதும் அழுந்தியே இருக்கும். புதுச் சென்சார் போட்டும் சரியாகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஹவுசிங் அலுமினியம் என்றால் கையால் மரை பிடித்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும், இறுக்கம் கையேட்டில் சொன்ன அளவு.

கழற்றிய சென்சாரின் முனையைத் துடைக்கும்முன் வெளிச்சத்தில் பாருங்கள். ஹால் சென்சாரில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறப் பசை மாதிரி மெல்லிய இரும்புத் துகள் படிந்திருக்கும். அது இயல்பானது, அதிகமாகப் படிந்திருந்தால் அதுவே கோளாறாகவும் இருக்கலாம். துடைத்து மறுபடி மாட்டிச் சோதித்துவிட்டு அப்புறம் புதியதை வாங்குங்கள். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் கதை வேறு: உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது, மூடியைத் திறந்து பார்த்தாக வேண்டும். கசிந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையைக் கடந்த உங்கள் வண்டியில் இதைச் சென்சார் பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே பாருங்கள். தண்ணீர் கலந்த ஆயிலோடு ஓடினால் பேரிங் துருப்பிடித்துப் போகும், அது சென்சாரைவிடப் பல மடங்கு செலவு.

லாக் உண்மையிலேயே விழவில்லை என்று உங்கள் சோதனை சொன்னால் வழி வேறு. ஃபியூஸ், ரிலே, பேட்டரி, பிறகு சுவிட்ச் போட்ட நொடியில் ஆக்சுவேட்டர் கனெக்டருக்கு வோல்ட் வருகிறதா என்பது. கனெக்டரைப் பிரித்து அளந்தால் 12 வோல்ட் காட்டும், மாட்டி வேலை வாங்கும்போது சரிந்துவிடும். ஒரு இழை மட்டும் மிஞ்சிய வயர் அப்படித்தான் ஏமாற்றும். அதனால் மாட்டிய நிலையிலேயே பின்பக்கமாக முனையை நுழைத்து அளக்க வேண்டும். வோல்ட் முழுதாக வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் ஆக்சுவேட்டர் சிக்கியிருக்கலாம். அப்போதும் உடனே மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்து துருவேறிச் சிக்கிய மோட்டார்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மீட்டெடுப்பது அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனால் முடிகிற வேலை. சில வண்டிகளில் லாக் நிலையைச் சொல்லும் சுவிட்ச் ஆக்சுவேட்டருக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கிடைக்காது. உங்கள் ஒர்க்‌ஷாப் மொத்தமாக மாற்றச் சொன்னது அதனால்கூட இருக்கலாம், அதை அவர்களிடமே கேளுங்கள்.

கேட்கும்போது இன்னும் மூன்றையும் கேளுங்கள். சக்கரத்தைத் தூக்கி லாக் விழுகிறதா என்று பார்த்தீர்களா? கம்ப்யூட்டரில் என்ன கோடு பதிவாகியிருக்கிறது? ஆக்சுவேட்டர் கனெக்டரில் எத்தனை வோல்ட் வந்தது? பார்த்திருந்தால் தயங்காமல் சொல்வார்கள், அவர்கள் சொல்வதை மதித்து வேலையைக் கொடுக்கலாம். பதில் இல்லை என்றால் சோதனைக்கு மட்டும் கூலி கொடுத்து, சோதனை முடிவை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

வேலை முடிந்ததும் கியர் ஆயில் அளவைச் சரிபார்த்து, பதிவான கோடுகளை அழித்து, ஸ்டாண்டில் ஒருமுறையும் மண்ணில் ஒருமுறையும் லாக்கைப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஆக்சுவேட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் சில வண்டிகளில் ஸ்கேனர் மூலம் அதன் ஆரம்ப நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பிரீதர் குழாயை ஊதிப் பார்த்து, அடைப்பை நீக்கி, எஞ்சின் அறைவரை உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். அடுத்த ஓடையில் இறங்கும்முன் சில நிமிடம் நின்று ஆக்சில் சூடு தணிய விடுங்கள். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை தளர்ந்த மண்ணில் லாக்கைப் போட்டு எடுங்கள், சும்மா கிடக்கும் ஆக்சுவேட்டர்தான் சீக்கிரம் சிக்குகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் விளக்கு அடங்காவிட்டால் மறுபடி எழுதுங்கள். வண்டியின் மாடல், ஆண்டு, சென்சாரில் எத்தனை வயர், ஸ்டாண்டில் சக்கரம் சுற்றியதா நின்றதா, மீட்டரில் வந்த அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், அடுத்து எந்த வயரைப் பிடிக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.